இடது இறக்கையில் கைநாட்டு

தூசி தட்டப் போனதுதான் வினையாகிவிட்டது. துணியின் நுனி மாட்டி, அலமாரி மேலிருந்த சாம்பல் நிறப் போர் விமானம் தலைகுப்புற விழுந்தது. ஒரு சாண் நீள பிளாஸ்டிக் விமானம். இடது இறக்கை தனியே கழன்று கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பத்திரப் பதிவு அலுவலக எழுத்தர் தரையில் படுத்து அதை வெளியே எடுப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

மகன் கடைசியாக ஒட்டிய விமானம் அது. பதினொரு வயதுப் பிள்ளை, பெட்டியில் வந்த அத்தனை துண்டுகளையும் நறுக்கி, உரசி, ஒட்டி, பெயின்ட் காய்வதற்குள் அவசரப்பட்டு இறக்கையைத் தொட்டுவிட்டான். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது.

"என்னடா, கைநாட்டா?" என்று இவர் கிண்டல் செய்தார்.

"நாள் பூரா ஊரார்கிட்ட வாங்குறீங்களேப்பா, எங்கிட்டயும் ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றான்.

அடுத்த மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. ஆறே நாளில் பிள்ளை போய்விட்டான். மூன்று வருஷமாக, அந்த ரேகையின் மேல் விரலை ஒரு தரம் வைக்காமல் இவர் ஆபீசுக்குக் கிளம்பியதில்லை.

மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வர ஐந்து நாள் இருந்தது. இப்போதுதான் அவள் இரண்டு வாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். இதைப் பார்த்தால் மறுபடி படுத்துவிடுவாள். அவள் வருவதற்குள் எப்பாடுபட்டாவது சரிசெய்துவிட வேண்டும்.

உடனடியாக ஒட்டும் பசையை வாங்கி வந்தார். இறக்கையோடு இவருடைய ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டது. விரலை மீட்டுத் திரும்பிப் பார்த்தால், பசையின் ஆவி பட்டு விமானியின் கண்ணாடிக் கூண்டு கண்புரை விழுந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. அதைத் துடைக்க, ஜன்னலுக்கு அடித்த பெயின்டில் மிச்சமிருந்த தின்னரை எடுத்தார். கூண்டு இளகிச் சுருங்கியது. தின்னர் வழிந்து இறக்கையில் இறங்கியது. இவர் பதறித் துடைத்த துடைப்பில் சாம்பல் பெயின்டோடு ரேகையும் துணிக்கு வந்துவிட்டது. எழுத்தர் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மறுநாள் கடைத்தெருவில் விசாரித்து, மாதிரி விமானம் விற்கும் கடையைக் கண்டுபிடித்து, அதே பெட்டியை வாங்கினார். வயிற்றுப்போக்கு என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டு ஒட்ட உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அதிகாரி போனில் அக்கறையாக விசாரித்தார்.

"நின்னுடுச்சா?"

"சக்கரம் நின்னுடுச்சு சார். வால்தான் நிக்க மாட்டேங்குது."

இன்னும் இரண்டு நாள் ஓய்வெடுக்கும்படி அதிகாரி சொல்லிவிட்டார்.

ஒருவழியாக விமானம் எழுந்து நின்றது. ரேகைதான் அமையவில்லை. ஆபீசில் இவருக்கு 'ரேகைப்புலி' என்று பேர். ஒரு பார்வையில் எது யார் விரல் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தன் தடித்த கட்டைவிரலை வைத்தபோது பாதி இறக்கை நசுங்கிய மாதிரி தெரிந்தது. அழித்துப் பூசினார். மறுபடி வைத்தார். மறுபடி அழித்தார். நான்காவது தடவையும் சரிவராமல், வேறு வழியின்றி விமானத்தைச் செருப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்கே போனார். மனைவி மறுநாள் வருகிறாள்.

பெயின்டில் ஒரு குழந்தையின் ரேகை பதியவேண்டும், என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தன்னைப் பைத்தியம் என்று கடைக்காரர் நினைத்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. விமானத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடது இறக்கைதானே என்று அவராகவே கேட்டார்.

பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னார்:

"கட்டைவிரல் வேணாம் சார், சுண்டுவிரலை வைங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அம்மா இதே விமானத்துக்கு இங்க உக்காந்து அப்படித்தான் வச்சாங்க. பையன் ஒட்டினதைக் கை தவறி உடைச்சுட்டாங்களாம். வீட்டுக்காரர் தினம் அந்த ரேகையைத் தொட்டுட்டுத்தான் வேலைக்குப் போவாராம், தெரிஞ்சா மனுஷன் தாங்கமாட்டாருன்னு அழுதாங்க."