கட்டை போட ஆள் இல்லாத லாரி

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம், உன் மாமா சளியைத் தவிர சௌக்கியம். லாரியின் சௌக்கியம் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து "ஸ்பீக்கர்ல போடுடி" என்பாள். அதனால் படித்ததும் கிழித்துவிடு. அரிசி டப்பாவில் ஒளித்து வைக்காதே, அங்கேதான் முதலில் தேடுவாள்.

முட்டி வைத்தியத்துக்கு உன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் பஸ் ஜன்னல் வழியாக, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "நான் திரும்பி வர்றதுக்குள்ள வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் வித்துடணும். நான் இல்லாம அது உங்களுக்கு அடங்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் வீறாப்பாக "சரி, பார்ப்போம்" என்றேன். கீறல் விழுந்துவிட்டது.

நம் வண்டி உனக்குத் தெரியாததா. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கடகடவென்று சத்தம் வரும், அதைத் தாண்டி அதற்கு வேறு வேலை கிடையாது. கியரில் போட்டு நிறுத்தினாலும் அரை மனதோடுதான் நிற்கும். மெக்கானிக்கிடம் போகும்போதெல்லாம் "இந்த மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்லண்ணே" என்பார். அதனால் இத்தனை வருஷமாக நம் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் உன் அம்மாதான். நான் நிறுத்தியதும் மடியில் வைத்திருக்கும் மரக்கட்டையோடு குதித்துச் சக்கரத்துக்கு அடை கொடுப்பாள். சூடு காட்டும் முள்ளும் செத்துப்போய் நாளாயிற்று. அதுவும் அவள்தான். மூக்கை ஒரு தரம் உறிஞ்சி "நிறுத்துங்க, தண்ணி ஊத்தணும்" என்றால் ரேடியேட்டர் கொதிக்கப் போகிறது என்று அர்த்தம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்த இடத்தில் உன் மாமாவை உட்கார வைத்தேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு ரிடையர்டு வாத்தியாருக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை. மேட்டுத் தெருவில் சாமான்களை ஏற்றி முடித்தோம். அவர் இரண்டு மீன்கள் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லாரியின் பின்னால் தன் சோபாவிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "முன்னாடி வந்து உக்காருங்க சார்" என்று கெஞ்சியும் மீனுக்குக் காற்று வேண்டும் என்று மறுத்துவிட்டார். நான் கயிறு கட்ட இறங்கினேன். மாமா கட்டை போட்டிருந்தான், இல்லை என்று சொல்லவில்லை. பின்பக்கம் சரிகிற தெருவில் சக்கரத்துக்கு முன்னால் போட்டிருந்தான். வண்டி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டது. நான் ஓட, மாமா கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட, "கட்டையைப் போடுடா மச்சான்" என்று நான் கத்த, அவன் "எந்தப் பக்கம் அத்தான்" என்று கேட்க, வண்டி நிதானமாக இறங்கிப்போய் சலூன் வாசலில் இருந்த இரும்பு பெஞ்சில் முட்டி நின்றது. நல்ல வேளை, பெஞ்சில் யாரும் இல்லை. உள்ளே பாதி முகம் மட்டும் சிரைத்து முடிந்திருந்த ஒருவர் சோப்பு நுரையோடு தெருவில் வந்து நின்றார். வாத்தியார் பேப்பரை மடித்துவிட்டு, "வந்துட்டோமா? புது வீடு இவ்ளோ பக்கம்னு சொல்லவே இல்லையே" என்றார். மீன்கள் சௌக்கியம். பின் பம்பரில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் முன்னால் புகை மாதிரி ஆவி கிளம்பியது. "வாசனை வரலையாடா?" என்றேன். "எனக்குத்தான் மூணு நாளா மூக்கு அடைச்சிருக்கே அத்தான்" என்றான். தண்ணீர்க் கேனைத் திறந்தால் காலி, காலையில் முகம் கழுவிவிட்டானாம். மாமாவின் கண் மெதுவாக மீன் தொட்டி பக்கம் போனது. வாத்தியார் தொட்டியைக் கட்டிக்கொண்டு, "அது மட்டும் நடக்காது" என்றார். அங்கேயும் சரிவு, கட்டையையோ மாமா சலூன் வாசலிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். கடைசியில் அவருடைய கனத்த அகராதியைச் சக்கரத்துக்கு அடை கொடுத்தோம். எஞ்சின் ஆறி, மாமா பக்கத்து வீடுகளில் கேட்டுத் தண்ணீர் கொண்டுவரும்வரை அது அசையாமல் நின்றது. அட்டையில் டயர் தடத்தைப் பார்த்த அந்தப் புண்ணியவான், "பரவால்ல, வாங்குனதுலேர்ந்து இன்னைக்குத்தான் உபயோகப்பட்டுச்சு" என்றார்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் அலைந்தாவது சாமான் தேடி, ஹேண்ட் பிரேக்கையும் முள்ளையும் சரி செய்து, பம்பருக்குப் பெயின்ட் அடித்துவிடப் போகிறேன். அப்புறம் உன் அம்மா வண்டிப் பக்கமே வர வேண்டியதில்லை, வீட்டில் நிம்மதியாகக் காலை நீட்டி உட்காரலாம். நானும் தனியாகவே ஓட்டிக்கொள்வேன். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மெக்கானிக்கிடம் போனேன். சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டதும் அவர் மேலே அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூசி தட்டினார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. சாமான் எப்பவோ வந்துடுச்சு. அக்காதான் மாட்ட வேணாம்னாங்க. 'பிரேக் சரியாயிட்டா என்னை வீட்ல விட்டுட்டு அவரு பாட்டுக்குப் போயிடுவாரு'ன்னாங்க" என்றார். நான் கொஞ்ச நேரம் அங்கிருந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேக்கையும் முள்ளையும் மாட்டச் சொல்லிவிட்டேன், அது பத்திரத்துக்கு. அவள் ஏறுகிற பக்கம் முட்டி வலிக்காத மாதிரி தாழ்வாக இரண்டு படியும் வெல்டிங் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா சலூனிலிருந்து கட்டையை வாங்கி வந்துவிட்டான், துடைத்து அவள் சீட்டின் மேல் வைத்திருக்கிறேன். பம்பருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்காதே, அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. கீறல் முழ நீளம் என்பதை இரண்டு தடவை படி. பேச்சு பேச்சுதான், வண்டியை விற்றுவிடலாம். ஆனால் பக்கத்தில் அவள் உட்கார்ந்து வந்தால்தான் விற்கப் போவேன், தனியாகப் போக மாட்டேன் என்று சொல்.