கொஞ்சம் இரைச்சல் வேண்டும்

ஆராய்ச்சி மாணவி மைக்கை மேசையில் வைத்ததும் பொறியியல் துறைக் கேண்டீன் கப்சிப்பென்று ஆகிவிட்டது. அதுவரை கூரை பறக்கப் பேசிக்கொண்டிருந்தவர்கள் டீயைக்கூடச் சத்தமில்லாமல் உறிஞ்சினார்கள்.

அவளுக்கு வேண்டியதோ இரைச்சல். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எதிரில் இருப்பவர் குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும் காதுக்கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதைப் பழக்க, நிஜக் கூட்டத்தின் இரைச்சல் வேண்டும். நாளைக் காலை பரிசீலனைக் குழு வருகிறது. பதிவு இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டவேண்டியதுதான்.

போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அவள் அப்பா, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பவர். என்ன சொன்னார்கள் என்று கேட்கக் கூச்சம். இப்போதெல்லாம் நாலு பேர் கூடும் இடத்துக்கே அவர் வருவதில்லை.

"எப்பவும் போலப் பேசுங்க. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க" என்று கெஞ்சினாள்.

பேசினார்கள்.

"இன்றைய தேநீர் மிகவும் சுவையாக உள்ளது அல்லவா?" என்றார் இயந்திரவியல் விரிவுரையாளர்.

"ஆம் நண்பரே. சர்க்கரையும் அளவாக உள்ளது" என்றார் எதிரே இருந்த மின்னியல்காரர். நேற்றுவரை ஒருவரையொருவர் 'டேய்' என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள்.

மைக்கைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மின்னியல்காரர் சர்க்கரைக்குக் கை நீட்ட, கையோடு மைக் வந்தது. நிர்வாகம் ஒட்டுக்கேட்கிறது என்ற செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் விடுதிவரை போய்விட்டது. அதற்கப்புறம் எல்லாம் ஜாடைதான். டீக்கு ஒரு விரல், சர்க்கரை வேண்டாமென்றால் தலையாட்டல்.

"ஏம்மா, என் கேண்டீனைத் தியான மண்டபம் ஆக்கிட்டியே" என்றார் கேண்டீன்காரர்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, சரி பண்ணிடறேன்."

வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். 'இங்கே பேச்சு பதிவு செய்யப்படுகிறது. யாரும் பயப்பட வேண்டாம்.' பயப்பட வேண்டாம் என்று எழுதிப் போட்டால் பயப்படாதவனுக்கும் பயம் வந்துவிடும். படித்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். சாயங்காலம் கேண்டீனில் அவளும் கேண்டீன்காரரும் மின்விசிறியும்தான் மிச்சம்.

அவளுடைய பேராசிரியர் வந்து ஹெட்போனை மாட்டிப் பதிவைக் கேட்டார்.

"மின்விசிறிச் சத்தம் நல்லாப் பதிவாயிருக்கு. ஆனா அதைக் கேக்க யாரும் காதுக்கருவி வாங்க மாட்டாங்கம்மா."

"இத்தனை பேர் வாயையும் நானே அடைச்சுட்டேன் சார்."

இந்த முறையும் முடியவில்லை என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதையும் இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்கின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அப்போது நூலகர் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இங்க மைக் வச்சது நீதானா?"

"ஆமாம் மேடம். மன்னிச்சிடுங்க, இதோ எடுத்துடறேன்."

"முதல்ல எடு. உன் மைக்குக்குப் பயந்து அத்தனை பேரும் என் நூலகத்துல வந்து உக்காந்து பேசிட்டிருக்காங்க, காது குடுத்துக் கேக்க முடியல."