பதினோரு ஆட்டமும் தோற்ற பாலக்கோட்டுக்காரர்

இராயக்கோட்டை வழி,
25-8-1988, வியாழன்.

கம்பைநல்லூரில் வாழும் என் உடன்பிறந்த அக்கா ஞானமேரிக்கு, தம்பி யாகப்பன் சேசு மரி சூசை துணையோடு எழுதும் கடிதம். இங்கே நானும் சூசையம்மாளும் ஏழு கோழிகளும் சுகம். அங்கே உன் முட்டிவலி, மாமாவின் இருமல், செவலை மாட்டின் கால் மூன்றும் ஆண்டவர் இரக்கத்தால் இந்நேரம் குணப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். குணப்படாவிட்டாலும் இக்கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

நம் மகள் ராஜமேரிக்கு நீ பார்த்த பாலக்கோட்டுச் சம்பந்தம் முறிந்துவிட்டது. இதற்காக நீ மூன்று முறை பஸ் மாறிப் போய் வந்தவள், ஆகவே விவரம் முழுவதையும் உனக்குச் சொல்வது என் கடமை. மாப்பிள்ளையின் தாயார் ராயம்மாள் உன்னிடம் ஏற்கெனவே ஒரு விதமாகச் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஆனால் அன்றைக்குப் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். என் வீட்டு முன்னறைத் தபாலாபீசில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், மூன்று மணிக்குத் தபால் பை கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் அடித்துத் திருத்தி எழுத நேரமில்லை.

முதலில் மேரியின் வேலையைப் பற்றி நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீ பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது "ஓசூரில் டிவி ரிப்பேர் பண்ணுது" என்று சொல்லிவிட்டாய், அங்கேயே முதல் கோணல். அவள் கம்பெனியில் செய்வது டிவியோடு இணைத்து விளையாடும் சண்டைப் பெட்டி. இரண்டு கைப்பிடி இருக்கும், இரண்டு பேர் உட்கார்ந்து ஆட்டினால் டிவிக்குள் இரண்டு பொம்மை ஆட்கள் உதைத்துக்கொள்வார்கள். முதல் வருடம் ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை, இப்போது சோதனை மேஜை. அதாவது பெட்டி கடைக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் இவள் ஆடிப் பார்த்து, எல்லா ஆட்களும் ஒழுங்காக உதைக்கிறார்களா, விழுந்தவன் எழுந்திருக்கிறானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பெட்டி. அவள் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசர் மாதேஸ்வரன் என்னிடம் நேரில் சொன்னார். டிவிக்குள் ஆறு ஆட்கள். அவர்களுக்குக் கம்பெனிக்காரன் பெயர் வைக்கவில்லை, சோதனை மேஜைப் பெண்கள்தான் வைத்தார்கள்: சடைக்காரி, குண்டன், முட்டிக்கால், சாட்டைக்காரன், ஊமையன். ஆறாவது ஆள் மொட்டைத் தலை, அவனுக்கு மாதேஸ்வரன் என்றே பெயர். அந்த மனிதருக்கும் இது தெரியும். தினமும் சாயந்தரம் வந்து, "இன்னைக்கு நான் எத்தனை பேர அடிச்சேன்?" என்று கேட்டுவிட்டுப் போவாராம். அவ்வளவு நல்ல இடம்.

அப்படிப்பட்டவர் கொடுத்த அனுமதிச் சீட்டோடு மேரி சனிக்கிழமை ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புது மாடல், இரண்டு நாள் விடாமல் ஓடினால் சூடாகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பெண் பார்க்க வருகிற நாளில் இது எதற்கு என்று சூசையம்மாள் கேட்டாள். "பூசை முடிஞ்சு அவங்க வர்றதுக்குள்ள எடுத்து வெச்சிடறேம்மா" என்றாள். ஆனால் ஞாயிறு காலை அவர்கள் பூசை முடிந்த கையோடு வந்துவிட்டார்கள். வேனில் ஒன்பது பேர். மாப்பிள்ளைப் பையன் சவரி, அவர் தாயார் ராயம்மாள், தாய்மாமன் அருள்சாமி, மற்றவர்கள் பஜ்ஜிக்கு வந்தவர்கள். அருள்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியிலும் விறைப்பாகத்தான் உட்காருவார்.

சவரி தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு நாலு நாள் பெங்களூர் போகிறவர் என்று நீ எழுதியிருந்தாய். அங்கே லோடு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்று நீ எழுதவில்லை. அக்கா, அந்தப் பையன் வந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஊமையோ என்று எனக்கே சந்தேகம். மேரி காபித் தட்டோடு வந்து நின்றாள். அப்போதும் பையன் அவளைப் பார்க்கவில்லை, டிவிக்குக் கீழே பார்த்தார்.

"இது ரெண்டாவது மாடலுங்களா?" என்றார். அவர் எங்கள் வீட்டில் பேசிய முதல் வார்த்தை அது.

"மூணாவதுங்க. ரெண்டாவதுல குண்டன் குதிக்க மாட்டான்" என்றாள் மேரி.

"அதான பார்த்தேன். பெங்களூர்ல இது ஆடற கடையில நாங்க அவன தொட்டண்ணான்னு சொல்லுவோம். இதுல குதிக்கறானா?"

"குதிக்கறான். ஆனா எறங்கறப்போ இடது பக்கம் காப்பு இருக்காது. சடைக்காரி ஒரு உதை விட்டா முடிஞ்சுது."

"சடைக்காரிங்களா? அவ தூரத்துல நின்னு உதைக்கறவ. கிட்ட போய்ட்டா அவளால என்ன பண்ண முடியும்?"

"கிட்ட போனாத்தானே?" என்றாள் நம் பெண்.

மற்ற நாங்கள் பத்துப் பேரும் காபியை வைத்துக்கொண்டு விழித்தோம். ராயம்மாள் என்னிடம் மெதுவாக, "யாருங்க சடைக்காரி, உங்க சொந்தமா?" என்று கேட்டார். நான் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது.

பேச்சு அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் போடும் பொம்மைப் படத்துக்குப் போனது. கோட்டுப் போட்ட ஒரு கீரிப்பிள்ளை, ஒற்றைக்கண் காக்கா ஒன்று. முழுக்க இந்தி. மேரி ஓசூர் கன்னியர் விடுதியிலும், சவரி பாலக்கோட்டில் சிநேகிதன் வீட்டிலும் ஒரு வாரம் விடாமல் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. காக்கா வாராவாரம் வந்து ஏதோ சொல்கிறது, கீரி அழுகிறது. அந்தக் காக்கா துரோகி, கீரியின் அண்ணனைக் கொன்றதே அதுதான் என்றார் சவரி. இல்லை, அது எதிரிக் கூட்டத்திலிருந்துகொண்டே கீரிக்கு ரகசியமாகச் சேதி கொண்டுவருகிறது, கண் போனதே கீரிக்காகத்தான் என்றாள் மேரி. அவர் ஒரு காட்சியைச் சொல்ல, இவள் வேறொன்றைச் சொல்ல, கடைசியில் காக்காவின் கண்ணைப் பற்றிப் பேசும்போது சவரிக்குக் குரலே கம்மிவிட்டது. இருபத்தாறு வயதுப் பையன் அக்கா. எனக்கு அந்த நேரம் அவரைப் பிடித்துப்போனது.

அப்போதுதான் ஹவில்தார் தொண்டையைச் செருமினார். பதினேழு வருடம் வடக்கே இருந்தவர், இந்தி தண்ணீர்ப்பட்ட பாடு. "அந்தப் படத்த நானும் பார்த்திருக்கறேன். காக்கா துரோகியும் இல்ல, உளவாளியும் இல்ல. அது வைத்தியரு. கீரிக்கு வயித்துக் கோளாறு. மருந்து குடிச்சியா, மருந்து குடிச்சியான்னு வாராவாரம் வந்து கேக்குது. கசப்புன்னு அது அழுவுது" என்றார்.

மேரியும் சவரியும் ஒரே நேரத்தில், "அப்படி இருக்காதுங்க மாமா" என்றார்கள். மேரி அவரை மாமா என்று கூப்பிட்டதை சூசையம்மாள் கவனித்து என் விலாவில் இடித்தாள். ஹவில்தார் வேறொன்றைக் கவனித்தார். தனக்குத் தெரிந்த பாஷையைத் தெரியாத இரண்டு பேர் தன்னைத் திருத்துகிறார்கள். முகம் கறுத்தது. "காக்கா கதை போதும். சவரி, பெங்களூர்ல அப்படி ஆடினேன் இப்படி ஆடினேன்னு சொல்லுவியே, போய் உக்காந்து அந்தப் பொண்ண ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டு வா. கெளம்பலாம்" என்றார். இது அவர் வாயால் வந்தது. நாங்கள் கூப்பிடவில்லை. ராயம்மாள் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சவரி குண்டனை எடுத்தார், மேரி சடைக்காரியை எடுத்தாள். முதல் ஆட்டம் நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவதில் குண்டன் குதித்தான், அவள் சொன்ன மாதிரியே இடது பக்கம் வாங்கினான். மூன்றாவதில் சவரி முட்டிக்காலுக்கு மாறினார். நாலாவதில் சாட்டை. பஜ்ஜிக்கு வந்தவர்கள் பஜ்ஜியை மறந்துவிட்டு, "கால வாரு, கால வாரு" என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஜன்னலில் பாதி ஊர் நின்றது. ஐந்தாவது ஆட்டம் முடிந்ததும் ராயம்மாள் ஜெபமாலையை நிறுத்தி, "பொண்ணு ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்தா என்னாங்க கொறஞ்சு போயிடப் போவுது" என்றார். சூசையம்மாள் பின்னால் போய் மேரியின் முதுகில் கிள்ளினாள், "வுட்டுக் குடுடீ" என்றாள். ஹவில்தார் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேரியும் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அக்கா, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உனக்குத் தாம்பூலக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். எனக்கு அது தெரியும். பெண்ணுக்கு இருபத்துநாலு வயது, இது நாலாவது வரன், இவ்வளவு ஆசையாக அவள் ஒரு ஆண்பிள்ளையிடம் பேசி நான் பார்த்ததில்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நாற்பது பெட்டிக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிற கை அது. என் வீட்டில், என் கண் முன்னால், அதைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மேரி, கம்பெனியில எப்படி ஆடுவியோ அப்படி ஆடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆடினாள். பதினோரு ஆட்டம். பதினொன்றும் அவளே. ஒன்றில்கூட விட்டுக்கொடுக்கவில்லை, என் மகள். கடைசி ஆட்டத்தில் மாதேஸ்வரனை எடுத்துக்கொண்டு ஆடினாள், மொட்டைத் தலை டிவியில் மின்ன மின்ன ஹவில்தார் எழுந்து செருப்பைத் தேடினார். பாயசம் அப்படியே இருந்தது. வேன் கிளம்பும்போது சவரி மட்டும் வலது கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பாயசத்தை ஜன்னல்காரர்களுக்கு ஊற்றினோம். அன்று சாயந்தரம் நான் கடைத்தெருவுக்குப் போனபோது முடிதிருத்தும் பெரியண்ணன் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை ஹவில்தாரின் கார்டு வந்தது. அடக்கமில்லாத இடத்தில் சம்பந்தம் வைப்பதில்லை என்று நாலு வரி. தபால்காரனாகிய நானே எனக்கு அதைப் பட்டுவாடா செய்துகொண்டேன். ஊரில் யார் என்ன சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. ஒன்றைத் தவிர. திங்கட்கிழமை காலை ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மேரி, "நல்லவருப்பா. எடது கைதான் கொஞ்சம் மெதுவா போவுது, பழகினா சரியாயிடும்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

ஆகவே நீ இனிமேல் பாலக்கோட்டுக்கு அலைய வேண்டாம். மேரியின் போட்டோவை மட்டும் வாங்கி அனுப்பவும். நம் வம்சத்தில் சத்தியத்துக்குத் தோள் கொடுத்த ஒரு பெண் பிறந்திருக்கிறாள் என்று தலை நிமிர்ந்து இரு. மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் தோத்திரம். தேவதாயின் அடைக்கலம் உங்கள் வீட்டு ஓட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பதாக.

இப்படிக்கு உன் தம்பி,
சு. யாகப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் படிக்காதது போல வைத்துக்கொள்ளவும். மணி இரண்டரை. கவுன்ட்டருக்கு முன்னால் சவரி நிற்கிறார். தக்காளி லாரியிலிருந்து பாதி வழியில் இறங்கி வந்திருக்கிறார். இன்லண்ட் லெட்டர் ஒன்று கேட்டார், கொடுத்தேன். இங்கேயே நின்று எழுதினார். "விடுதியில சிஸ்டருங்க பிரிச்சுப் படிப்பாங்களாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி படிச்சிடுங்க மாமா, தப்பா எதுவும் இருக்கக் கூடாது" என்று ஒட்டாமல் நீட்டினார். படித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: ஒன்பதாவது ஆட்டத்தில் என் ஆள் விழுந்து கிடந்தபோது உங்கள் சடைக்காரி உதைக்காமல் மூன்று எண்ணுகிற நேரம் கையைத் தொங்கவிட்டு நின்றாள். அது பெட்டியின் கோளாறா, நீங்கள் கொடுத்ததா? கோளாறு என்றால் கையெழுத்துப் போடுமுன் பார்த்துக்கொள்ளவும். நீங்கள் கொடுத்தது என்றால், அதன்பிறகு நானும் உங்களை உதைக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். பதிலை நேரில் கேட்க வரும் ஞாயிறு வரலாமா?

அக்கா, இரண்டு பேரும் இத்தனை பேர் முன்னால் ஒருத்தரை ஒருத்தர் அடிக்காமல் நின்றிருக்கிறார்கள், கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் பார்க்கவில்லை. "உங்க மாமா கார்டு போட்டிருக்காரே" என்று கேட்டேன். "அம்மா சரின்னுட்டாங்க. மாமாவுக்கு மருந்து விஷயத்துலதான் கோவம். அத நான் பேசிக்கறேன்" என்கிறார் மாப்பிள்ளை. போட்டோவைக் கேட்க வேண்டாம், அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது, நானே பார்த்தேன். நீயும் மாமாவும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள், கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பது பற்றிச் சாமியாரிடம் பேச வேண்டும். உன் கடிதமும் அவருடைய கடிதமும் ஒரே பையில்தான் போகின்றன. அவருடையதற்கு முதலில் முத்திரை குத்தினேன், கோபித்துக்கொள்ளாதே.