பச்சைக் கதவுக்கு வழி

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. சரியாகச் சொன்னால் முதலில் காடுதான் இருந்தது. பிறகு நகரம் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டது. நகரம் தின்று மிச்சம் வைத்த காட்டுக்குள் பல்கலைக்கழகத்தைக் கட்டினார்கள். அதற்கு ஏழு வாசல். ஆறு வாசல் எப்போதும் பூட்டியே இருக்கும். எந்த ஆறு என்பது தினமும் மாறும்.

அந்த வட்டாரத்து விலங்குகளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வழி கேட்டு வந்தவரிடம் 'தெரியாது' என்று சொல்லவே மாட்டார்கள். தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்பது மாதிரி அது. தெரிந்தால் சுருக்கமாகச் சொல்வார்கள். தெரியாவிட்டால் விளக்கமாகச் சொல்வார்கள்.

செவ்வந்தி என்ற முள்ளம்பன்றிக்கு அங்கே தாவரவியல் படிக்க இடம் கிடைத்தது. அவள் வீட்டில் கிழங்கு தோண்டித் தின்றவர்கள் உண்டு, கிழங்கைப் பற்றிப் படித்தவர்கள் கிடையாது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சேர்க்கை அலுவலகத்தில் அசல் சான்றிதழைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் பதினோரு தடவை படித்திருந்தாள்.

காலையிலேயே பஸ் ஏறினாள். படிக்கட்டில் நரிகள் தொங்கின, கூரைக்கும் தலைக்கும் நடுவே வௌவால்கள் தொங்கின. ஆனாலும் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவள் தனியாகத்தான் போனாள். முள்ளம்பன்றியாய்ப் பிறந்ததில் இது ஒரு வசதி. யுனிவர்சிட்டி ஸ்டாப்பில் இறங்கட்டுமா என்று கண்டக்டர் குரங்கிடம் கேட்டாள்.

"அங்க இறங்காதம்மா. அது பேருக்குத்தான் யுனிவர்சிட்டி. நான் சொல்ற இடத்துல இறங்கு."

சொன்ன இடத்தில் இறங்கினாள். வாசல் ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் இருந்தது. அந்தத் தடத்தில் குரங்குக்கு அன்றுதான் முதல் நாள்.

திறந்திருந்த ஒரே வாசலைக் கண்டுபிடித்து உள்ளே போனாள். செல்போன் வரைபடத்தை நம்பி நடந்தாள். அது அவளைத் தாமரைக் குளத்தில் கழுத்தளவு இறக்கிவிட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று வாழ்த்தியது. சான்றிதழையும் செல்போனையும் தலைக்கு மேல் தூக்கியபடி கரையேறி ஒரு அணிலைக் கேட்டாள். பழைய கேன்டீன் இருந்த இடத்தில் வலது பக்கம் திரும்பச் சொன்னது அணில். பழைய கேன்டீனை இடித்தபோது அந்த அணிலின் அம்மாவே பிறந்திருக்கவில்லை. அடுத்து ஒரு ஆடு, அப்புறம் இரண்டு உடும்புகள், கடைசியாக ஒரு பேராசிரியர் கொக்கு. எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். கொக்கு மண்ணில் படமே வரைந்து காட்டியது.

எந்த வழியில் போனாலும் வெட்டிப்போட்ட ஒரு வேப்பமரத்தின் அடிக்கட்டைக்கே வந்து நின்றாள். நான்காவது தடவை வந்தபோது மணி பதினொன்று பத்து. கால் வலித்தது. அழுகை வந்தது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

அப்போது ஒரு முயல் வந்து விடுதிக்கு வழி கேட்டது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். வளர்த்த வளர்ப்பு விடவில்லை. நேராகப் போய் மூன்றாவது விளக்குக் கம்பத்தில் திரும்பச் சொன்னாள். முயல் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து இரண்டு மான்கள் வந்து பின்னால் நின்றன. அதைப் பார்த்து ஒரு கழுதை வந்தது. அவள் அனுப்பியவர்கள் எல்லோரும் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்கே வந்து சேர்ந்தார்கள். முள்ளுக்குப் பயந்து யாரும் இடிக்கவில்லை, முண்டவில்லை. ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடைவெளி. அந்த வளாகம் அப்படி ஒரு ஒழுங்கான வரிசையை அதுவரை பார்த்ததில்லை.

ஐந்தாவது ஆளாக ஒரு மயில் வந்தான். பெயர் குணசீலன், கக்கத்தில் ஃபைல்.

"அக்கா, சேர்க்கை அலுவலகம் எங்கக்கா? பாட்டனிக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல நான்தான் முதல் ஆளு. யாரோ ஒரு முள்ளம்பன்றி வரலைன்னா எனக்குச் சீட்டு."

சொன்ன பிறகுதான் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்தப் பக்கமா வந்தே தம்பி?" என்றாள் செவ்வந்தி.

அவன் தோகையால் காட்டினான்.

"அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் போ. தண்ணித் தொட்டி வரும். அதைத் தாண்டி இடது கைப்பக்கம், பச்சைக் கதவு."

எல்லாம் அந்த நிமிஷத்தில் அவளாகக் கட்டியது. அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நீலக் கதவு என்று சொல்லியிருந்தால் இன்னும் நம்பும்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

மயில் போனான். மற்றவர்களைப் போல அவன் திரும்பி வரவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரிசையில் ஒரு காட்டெருமையின் முறை வந்தது. கொம்பில் ஒரு தோல் பை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சத்தமா சொல்லாதம்மா. சேர்க்கை அலுவலகம் எங்க இருக்கு?"

"நீங்களும் படிக்கச் சேரப் போறீங்களா ஐயா?"

"நான்தாம்மா அங்க அதிகாரி."

திங்கட்கிழமைதான் அலுவலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்களாம். காலையில் டீ குடிக்க வெளியே வந்தவர், அப்போதிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார். வழியில் ஒரு அணிலைக் கேட்டாராம். பை அசைந்தபோது உள்ளே முத்திரை தெரிந்தது.

செவ்வந்தி முத்திரையைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். தனக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"இதுதான் ஐயா அலுவலகம்" என்றாள்.

"வெட்டவெளியா இருக்கே."

"வரிசை இருக்கே ஐயா."

எருமை திரும்பிப் பார்த்தார். முயல், மான், கழுதை, உடும்பு, ஒரு முழ இடைவெளி. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அலுவலகம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு வரிசையை அவர் கண்டதில்லை. வேப்பங்கட்டையில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார்.

வரிசையில் முதலில் நின்றது செவ்வந்திதான். பதினொன்று ஐம்பத்தாறுக்கு அவள் சான்றிதழில் முத்திரை விழுந்தது. அதோடு நிறுத்தாமல் அவர் வரிசை முழுவதற்கும் குத்தினார். விடுதி தேடி வந்த முயலுக்கு வேதியியல் கிடைத்தது. கழிப்பறை எங்கே என்று கேட்க நின்ற கழுதைக்குத் தத்துவத்தில் ஆராய்ச்சிப் படிப்பு.

மயில் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். எதிர்ப்பக்கம் போனான். தண்ணீர்த் தொட்டி இருந்தது. தாண்டி இடது பக்கம் பச்சைக் கதவும் இருந்தது. மேலே 'சேர்க்கை அலுவலகம்' என்று புதுப் பலகை, பெயின்ட் காயாமல் இருந்தது. பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையிலேயே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தவன் அவன் ஒருவன்தான். அப்போது மணி பதினொன்று நாற்பது. கதவு பூட்டியிருந்தது. சாயங்காலம் ஐந்து வரை நின்றான். நடுவில் ஒரு அணில் வந்து நூலகத்துக்கு வழி கேட்டது. தெரியாது என்றான். அவன் நடத்தை சரியில்லை என்று அணில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.

நீதி: சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேராதீர்கள், அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வழி தவறியவர்கள் நின்ற இடத்திலேயே நின்று நாலு பேருக்கு வழி சொல்லுங்கள். ஆனால் பச்சைக் கதவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருந்து தொலைக்கும்.