இருபத்திரண்டு படி

"முக்கால்வாசி நிவாரண நிதியில போயிடும். மீதியைத்தான் நீங்க கட்டணும். ஆனா அதுக்குக் கவுன்சிலர் லெட்டர் வேணும்" என்றாள் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுப் பெண், கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக.

"லெட்டர் இல்லாட்டி?"

"முழுசையும் நீங்களே கட்டலாம். நாங்க வேணாம்னு சொல்லமாட்டோம்."

ஆராய்ச்சி கையிலிருந்த தாளைப் பார்த்தான். அப்பாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை, இடது கால். அதற்கு நேரே போட்டிருந்த தொகை அவனுடைய இரண்டு வருட உதவித்தொகை.

ஆராய்ச்சி என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். மூன்று வருடமாக அரசியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். "இன்னும் முடியலையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், கேள்வியை விட்டுவிட்டுப் பெயரை வைத்துவிட்டார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, அவன் எடுத்துக்கொண்ட தலைப்பு. சிபாரிசுக் கடிதம் மக்களாட்சியை எப்படி அரிக்கிறது என்று இருநூற்றுப் பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். 'இவ்வாய்வாளர் பெறும் உதவித்தொகை எவருடைய சிபாரிசுமின்றித் தகுதி ஒன்றினால் மட்டுமே கிடைத்தது' என்று முன்னுரையில் ஒரு வரி. அதை வீட்டில் உரக்கப் படித்தும் காட்டியிருக்கிறான். அம்மா "நல்லா இருக்குப்பா" என்றாள். அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பது வருடம் படியில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி அது. நாற்பது வருடமாகக் குடைக் கட்சி. கூடத்தில் குடைத் தலைவர் படம், கண்ணாடிச் சட்டத்துக்குள். கவுன்சிலரோ ஏணிக் கட்சி.

"ஏணிக்காரன்கிட்டயா? நானா?" என்று குதித்தார் அப்பா, உட்கார்ந்தபடியே. "கால் போனாலும் போகட்டும். அதுவும் அந்த ஆபீஸ் மாடியில. இருபத்திரண்டு படி! இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏறவா?"

"நான் போய் வாங்கிட்டு வர்றேன்ப்பா."

"நீ போகவே கூடாது! அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. என் மானம் போயிடும்."

"இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு மானம் ரொம்ப ஜாஸ்தி" என்றாள் அம்மா. "இருக்கிற ரெண்டு ரூமுல அதை எங்க வைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."

ஆபரேஷனுக்கு இருபது நாள் இருந்தது. அதை விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். ஆராய்ச்சி ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ஏணிக் கட்சி ஆபீஸுக்குப் போனான். எண்ணிக்கொண்டே ஏறினான். சரியாக இருபத்திரண்டு.

மேலே மேசைக்குப் பின்னால் இருந்தவரை எல்லாரும் முத்திரை என்றுதான் கூப்பிட்டார்கள். கவுன்சிலரின் ரப்பர் முத்திரையைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். தூங்கும்போதும் கழற்றுவதில்லையாம்.

"பேரைச் சொல்லாதீங்க தம்பி, எனக்குத் தங்காது. முகம் மட்டும் மறக்காது. உங்க முகம் புதுசு. கட்சியில உறுப்பினரா?"

"இல்லங்க. இந்த வார்டுல குடியிருக்கேன்."

"குடியிருக்கறது வீட்டுல. லெட்டர் வாங்கறது கட்சியில" என்று ஒரு படிவத்தை நகர்த்தினார்.

'இது களஆய்வு' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஆராய்ச்சி கையெழுத்துப் போட்டான்.

"படிச்ச பிள்ளை. சனிக்கிழமை தெருமுனைக் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் பேசிடுங்க. திங்கக்கிழமை லெட்டர் ரெடி."

"எனக்குப் பேசிப் பழக்கமில்லையே."

"எங்களுக்கும் கேட்டுப் பழக்கமில்ல. சும்மா பேசுங்க."

வேறு சரக்கு இல்லாததால் ஆராய்ச்சி தன் மூன்றாவது அத்தியாயத்தையே எடுத்துப் படித்தான். "சிபாரிசு கேட்பவன் ஓட்டை அடகு வைக்கிறான், கொடுப்பவன் பதவியை விற்கிறான்" என்ற இடத்தில் விசில் பறந்தது. கவுன்சிலர் மேடையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"குடைக்காரனைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டியே தம்பி!"

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை, பதவி வந்தது. வார்டு அறிவாளர் அணித் துணைத் தலைவர்.

"லெட்டருங்க?"

"பதவியே வந்தாச்சு, லெட்டருக்கு என்ன அவசரம்?" என்றார் முத்திரை.

பதவியோடு போஸ்டரும் வந்தது. ஏணிக்குக் கீழே கைகூப்பியபடி ஆராய்ச்சி. ஒட்டியவர்களுக்கு ஊரில் வேறு சுவரே கிடைக்கவில்லை போலிருக்கிறது. அப்பா தினமும் பேப்பர் படிக்கப் போகும் கடைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தார்கள். இவன் விடிந்ததும் விடியாததுமாக ஓடிப்போய்க் கிழித்தான். குடைக்காரர்கள்தான் கிழித்துவிட்டார்கள் என்று கோபப்பட்டுக் கட்சிக்காரர்கள் அதே சுவரில் நாலு ஒட்டினார்கள்.

"அப்பா, அந்தத் தெருவுல குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. பின்பக்கமா சுத்திப் போய் அடுத்த கடையில படிங்க" என்றான்.

அப்பா நல்ல மனுஷர், நம்பினார். மூன்று நாள் சுற்றிப் போனார். நாலாம் நாள் முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது.

"நடக்கவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே!" என்று கத்தினார் டாக்டர். "இனிமே தள்ளிப்போட முடியாது. வெள்ளிக்கிழமையே பண்ணியாகணும்."

அன்று புதன். ஆராய்ச்சி இருபத்திரண்டு படியையும் நாலு தாவலில் ஏறினான். விஷயத்தைக் கேட்ட கவுன்சிலர் உருகிப்போனார்.

"நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து அப்பா கையில குடுக்கறேன். போட்டோவும் எடுத்துடலாம்."

"ஐயையோ, வேண்டாங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"அதனாலதானேப்பா வர்றோம்!"

வீட்டுக்கு வந்து அடுத்த பொய்யைத் தொடங்கினான். "நாளைக்கு என் பேராசிரியர் வர்றார்ப்பா. அந்தக் குடைத் தலைவர் படத்தைக் கொஞ்சம் கழட்டி வச்சுக்கலாமா? அவருக்கு அரசியல் படமெல்லாம் பிடிக்காது."

"அரசியல் பேராசிரியருக்கா?"

"நாள் பூரா அதையேதானே பார்க்கறார், பாவம்."

படம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அந்த ஆணியில் காலண்டர் ஏறியது. யாரும் எதுவும் கேட்காமலேயே அம்மா சொன்னாள்: "இந்த வீட்டுல யார் விஷயத்தையும் நான் யார்கிட்டயும் சொல்றதில்லப்பா. எனக்கு எதுக்கு வம்பு?"

மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. முன்னால் ஏணிக்கொடி. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். கவுன்சிலர் இறங்கினார், போட்டோக்காரர் இறங்கினார். கடைசியாக முத்திரை இறங்கியதும் அப்பாவின் முகம் வெளுத்தது. எழுந்து ஓடிப்போய்க் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அந்த முட்டி அவ்வளவு வேகம் போகும் என்று டாக்டருக்கே தெரியாது.

வந்தவர்களை அம்மா உட்காரவைத்தாள். ஆராய்ச்சி குளியலறைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா, கோவப்படாதீங்க. நான் ஏணிக் கட்சியில சேர்ந்துட்டேன்."

உள்ளே குழாய் கொட்டியது.

"துணைத் தலைவராவும் ஆயிட்டேன். குழாய்க்குத் தோண்டினாங்கன்னு சொன்னதும் பொய். உங்க முட்டி வீங்கினது என்னாலதான்ப்பா." கதவை இன்னும் நெருங்கிக்கொண்டான். "நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கறதைப் பார்க்க முடியல. அதுக்குத்தான் சேர்ந்தேன். என் ஆராய்ச்சியைக் கிழிச்சுப் போட்டாலும் பரவாயில்ல, உங்க கால் சரியானா போதும்."

குழாய் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த முத்திரையும் உள்ள வந்து உட்கார்ந்துட்டாரா?" என்று அப்பா கம்மிய குரலில் கேட்டார்.

"ஆமாப்பா. உங்க கையெழுத்து வேணுமாம்."

அம்மா வந்து கதவைத் தட்டினாள். "வெளிய வாங்க. இனிமே ஒளிஞ்சு என்ன ஆகப்போகுது? முட்டியைப் பாருங்க முதல்ல."

அப்பா வந்தார். தலையிலிருந்து மூக்கு வரை துண்டைச் சுற்றியிருந்தார்.

"சளி" என்றார் கூடத்தைப் பொதுவாகப் பார்த்து.

கவுன்சிலர் கையெழுத்துப் போட்டார். அப்பாவும் போட்டார். முத்திரை இடுப்புக் கயிற்றை இழுத்து, ஊதி, ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ஆராய்ச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கும். அப்பாவுடைய நாற்பது வருடக் கொள்கையைத் தான் ஒருவனே கெடுத்துவிட்டோம் என்று நினைக்க மட்டும் அழுகை வந்தது.

"ஐயா, துண்டை எடுங்க. போட்டோவுல முகம் தெரியணும்" என்றார் போட்டோக்காரர்.

"வேணாங்க, சளி அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கும்."

போட்டோக்காரர் அதையெல்லாம் கேட்கிற ஆளில்லை. எட்டித் துண்டை உருவினார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. முத்திரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அப்பாவை உற்றுப் பார்த்தார். அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களா! மூணு வருஷம் முன்னாடி, பையனுக்கு ஏதோ ஆராய்ச்சி உதவித்தொகைக்கு லெட்டர் வேணும்னு, அத்தனை படியும் ஏறி வந்து நம்ம கட்சியில சேர்ந்தவராச்சே நீங்க!"