மொட்டு நிற்க ஒரு மூடி கூடுதல்

மருந்தை அளந்து ஊற்றத் தெரியாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தெரியாது என்பதுகூடத் தவறு. அளவு நன்றாகத் தெரியும். அதன்மேல் நம்பிக்கைதான் கிடையாது.

அந்த இனத்தின் தலைமகன் நம் பருத்திக்காரர். போன வருடம் மழையில் வெள்ளாமை மொத்தமும் அழுகிப்போனதால், இந்த வருடம் தலைப்பிரசவத்துக்கு நாள் பார்க்கிறவரைப் போலச் செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலு மொட்டு உதிர்ந்து கிடந்ததைக் கண்டாரோ இல்லையோ, மருந்துக்கடைக்கு ஓடினார்.

"கொஞ்சம் உதிரத்தான் செய்யும்ங்க," என்றார் கடைக்காரர். "மனசு கேக்கலன்னா இதை டேங்குக்கு அரை மூடி விடுங்க. கூடப் போச்சுன்னா, மொட்டை நிறுத்துற இதே மருந்து மொட்டைக் கொட்ட வச்சிடும்."

நம்மவர் வழியெல்லாம் யோசித்தார். நான் கூட ஊற்றுவேன் என்று தெரிந்துதானே அரை என்கிறான்? அப்படியானால் சரியான அளவு ஒரு மூடி. செடிகள் ஏங்கிப்போயிருப்பதற்கு இன்னொன்று, காற்றில் பறந்துபோவதற்கு இன்னொன்று. மூடியைக் கழுவி ஊற்றியது கணக்கிலேயே சேராது!

சில நாளில் மொட்டுகள் பொலபொலவென்று கொட்டின. புத்தி வந்ததா? வந்தது. "மருந்து பத்தல!" என்று மறுபடி ஸ்பிரேயரைத் தோளில் மாட்டினார்.

மனைவி வரப்பில் குறுக்கே நின்றாள். "இன்னொரு தடவை அடிச்சீங்க, மிச்சத்தை உங்க டீயில கலந்துடுவேன். எங்க அண்ணன் வீட்ல ஓடு மாத்துறாங்களாம். போய் ஒத்தாசை பண்ணுங்க."

"செடி என்னைத் தேடும்டி."

"தேடட்டும்."

போனார். மைத்துனர் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு தினமும் போன் போட்டு, "ஒரே ஒரு மூடியாவது..." என்று ஆரம்பிப்பார், அவள் துண்டித்துவிடுவாள். ஓடு முடிந்ததும் சுவர், வேலி என்று மைத்துனரும் அவரை இரண்டு மூன்று மாதம் விடவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் காட்டினாள். அவை மெல்லத் தெளிந்து மறுபடி மொட்டு வைத்தன, காய் பிடித்தன. முழு விளைச்சல் இல்லை, பாதி தப்பியது.

திரும்பி வந்தவர் வெடித்து நின்ற வெள்ளையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கே பாவமாகிவிட்டது.

"பாத்தியா?" என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நான் அடிச்ச மருந்து மெதுவாத்தான் வேலை செஞ்சிருக்கு!"

நீங்கள் பருத்தி போடுவதில்லை, சரி. காய்ச்சல் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியது யார்? சலவைப் பொடியை அள்ளிக் கொட்டி நுரையை வாசல்வரை ஓடவிட்டது யார்? சிரித்தது போதும். அடுப்பிலிருக்கும் குழம்பில் உப்பு போட்டாகிவிட்டது, கையை எடுங்கள்.