நாலு ராஜா, ஒரே கீறல்

பெரியப்பா, பெரிய நியூஸ், உட்கார்ந்துகிட்டுப் படிங்க: நாளைக்கு நீங்க வாங்கப்போற வெள்ளிக்காசு போலி, சுவர்க் கடிகாரத்தை ஆணியில இருந்து கழட்டவே கழட்டாதீங்க!!!

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு, தம்பி மகன் பணிவோடு எழுதுவது. நான் நலம். தங்கள் முழங்கால் வலியும் பெரியம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன். ஒரே நாளில் நாற்பது காசு வீடியோ போட்டேன் என்பதற்காக, குடும்பக் குரூப்பின் அட்மினாகிய தாங்கள் என்னை நீக்கிவிட்டீர்கள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. ஆகவே வாழ்க்கையில் முதல் முறையாகப் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறேன். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் அதற்கும் தாங்களே பொறுப்பு.

விஷயத்துக்கு வர்றேன். உங்க காசுப் பலகையில பன்னிரண்டு குழி. பதினொண்ணுல காசு இருக்கு, கடைசிக் குழி ஒன்பது வருஷமா வாயைப் பிளந்துகிட்டு இருக்கு. அதுக்கான காசு பழைய சாமான் கடைக்காரர்கிட்ட கிடைச்சிருக்கு, உங்க தாத்தா காலத்துச் சாவி கொடுக்கிற கடிகாரத்தைக் கொடுத்து அதை மாத்திக்கப்போறீங்கன்னு அப்பா சொன்னதும் எனக்குக் கை கால் ஓடல. நான் யாரு? பழங்காசுப் பக்கம் நடத்துறவன். முந்நூத்திப் பன்னிரண்டு பேர் பின்தொடர்றாங்க, அதுல சொந்தக்காரங்க ஆறே ஆறு பேர்தான்.

அதனால நேத்து அக்காவோட சமையலறைத் தராசு, பழைய ஸ்பீக்கர்ல பிடுங்கின காந்தம், ஒரு லென்ஸ், எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துட்டு, "என்ன தம்பி, காசு பார்க்க வந்தியா, ஆபரேஷன் பண்ண வந்தியா?"ன்னார். முதல்ல காந்தம். காசு ஒட்டினா உள்ள இரும்புன்னு அர்த்தம். என் காந்தம் கத்தரிக்கோலை இழுத்துச்சு, சாவிக்கொத்தை இழுத்துச்சு, கல்லாப்பெட்டி மூடியையே இழுத்துச்சு, காசு மட்டும் அசையல. "பார்த்தியா!"ன்னு அவர் மீசையைத் தடவினார். "பித்தளையும்தான் ஒட்டாது"ன்னேன். மீசையில இருந்து கை இறங்கிடுச்சு. அடுத்து எடை. அக்கா தராசுல மாவு ஒட்டியிருந்ததால, காசு வைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு கிராம் காட்டுச்சு. துடைச்சா மைனஸ்ல போகுது. "முதல்ல உன் தராசு ஒரிஜினலான்னு பாரு தம்பி"ன்னு சொல்லி, பக்கத்துத் தையல்காரரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சார். மானம் கப்பலேறிடுச்சு. விடுவேனா? அடுத்தது சத்தம். நல்ல வெள்ளியைத் தட்டினா மணி மாதிரி ரீங்காரம் நிக்கும், போலி 'டொக்'னு செத்துடும். விரல் நுனியில நிறுத்தித் தட்டினேன், காசு நழுவி விழுந்து, ஒரு நிமிஷம் யோசிச்சு, உருண்டு நேரா பீரோ அடியில போயிடுச்சு. "ஐயையோ, அங்க கைய விடாத, நானே எடுத்துத் தர்றேன்!"னு அவர் பாய்ஞ்சார். அந்தப் பாய்ச்சல்லதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. ஒட்டடைக் கம்பை விட்டு இழுத்தேன். ஒரு பிஸ்கட் டப்பா கவிழ்ந்துச்சு. உள்ள போனது ஒரு காசு பெரியப்பா, வெளிய வந்தது நாலு!

லென்ஸ்ல பார்த்தேன். நாலுலயும் ஒரே வருஷம், அது போகட்டும். நாலு ராஜாவுக்கும் இடது கன்னத்துல, மூக்குக்குப் பக்கத்துல, ஒரே கீறல்! முகம் ஒண்ணா இருக்கலாம். கீறல் கை மாறிக் கை மாறி ஒவ்வொரு காசும் தனித்தனியா வாங்குறது. ஒரு காசை வெச்சு அச்சு எடுத்து, உருக்கி ஊத்தினாத்தான் கீறலும் சேர்ந்து வரும். கேட்டேன். மனுஷர் இமைக்காம, "ராஜா ஒருத்தர்தானே தம்பி? அவர் கன்னமும் ஒண்ணுதானே?"ன்னார். தையல்காரரே தலையைக் குனிஞ்சுகிட்டார். அதோட விட்டாரா? "உங்க பெரியப்பா இதெல்லாம் கேக்கவே இல்லையே. பலகையைக் கொண்டுவந்து குழியில வெச்சுப் பார்த்தார், 'அளவு கச்சிதம், அசல்தான்'னு அவரே சொல்லிட்டுப் போனார்"ன்னார். பெரியப்பா, சோடாமூடி கூட அந்தக் குழிக்குக் கச்சிதமா இருக்கும்!

ஆகவே, தாங்கள் நாளை அந்தக் கடைப் படியை மிதிக்க வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். தங்களோடு காலையில் நடக்க வருபவர்களில் அங்கே காசு வாங்கிய அனைவரையும் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டுங்கள், கன்னம் கன்னமாகப் பார்த்துவிடுவோம். பெரியம்மாவுக்கு என் வணக்கம், முழங்காலுக்கு என் விசாரிப்பு.

தங்கள் ஆசியை வேண்டும்,
நீக்கப்பட்ட மகன்

பி.கு.: லெட்டரைக் கொடுக்க வீட்டுக்கே வந்தேன். நீங்க இல்ல. கை சும்மா இருக்குமா? கடிகாரத்தையும் பின்பக்கம் திறந்து பார்த்தேன். உள்ள உங்க தாத்தா காலம் இல்ல, ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் பேனா பேட்டரியும்தான் இருக்கு. சாவி சும்மா சுத்துது. "போன வருஷம் அவர்தாண்டா உள் மெஷினை மாத்தினார். மூச்சு விடாதேன்னு என்கிட்ட சத்தியமே வாங்கினார்"னு பெரியம்மா சொல்றாங்க. வீட்டுக்கு வந்து பார்த்த கடைக்காரரும் பின்பக்கம் திறக்கலையாமே, சாவியைத் திருகிப் பார்த்து 'ஆஹா'ன்னாராமே! அதனால மேல எழுதினது எல்லாம் வாபஸ். நாளைக்குத் தாராளமா மாத்திக்குங்க, இவ்வளவு நியாயமான வியாபாரத்தை நான் பார்த்ததே இல்ல. நாலுல எது பிடிக்குதோ எடுத்துக்குங்க. என்னை மட்டும் சாயங்காலத்துக்குள்ள குரூப்ல திரும்பச் சேர்த்துடுங்க. பேட்டரியை வீடியோ எடுத்துப் பெரியம்மா போனுக்கு அனுப்பிட்டேன். எல்லாருக்கும் எப்படிப் பகிர்றதுன்னு இப்பத்தான் கேட்டாங்க.